காப்பகத்தில் கிடந்த மூட்டைகள்

வணக்கம் சார்,

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். அலுவலக வேலைக்காக ஆரம்பித்தது, இப்போது மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்ற ஆசையில் வந்து நிற்கிறது. தெலே பி-2 தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஆன்லைன் வகுப்பில் கடத்தல், சட்டவிரோதப் பொருள்கள் பற்றி நாற்பது சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கோந்த்ராபாந்தோ, த்ராஃபிகோ, அலீஹோ, இன்காவுதார், தெகோமிசார் என்று போகிறது. நாற்பதுக்கும் எதிரே தமிழில் எழுதிப் பார்த்தால் 'கடத்தல்', 'கடத்தல் பொருள்', 'பறிமுதல்' என்ற மூன்று சொற்களைத்தான் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். மறுநாள் காலையில் எல்லாம் மறந்துபோனது.

அப்புறம் ஒரு நாள் தெற்கு ஸ்பெயினின் காதிஸ் பகுதிச் செய்தி ஒன்றைப் படித்தேன். ஒரு 'குவார்தெரீயா'வில் மூட்டை மூட்டையாக ஹஷீஷ் பிடிபட்டது என்று இருந்தது. எனக்குத் தெரிந்தவரை அந்தச் சொல்லுக்குக் குழந்தைகள் காப்பகம் என்று பொருள். பதறிப்போய்ச் செய்தி முழுவதையும் படித்தேன். குழந்தைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கே தவறினேன்?

என் கேள்விகள்: இந்தச் சொற்களை எப்படி நினைவில் வைப்பது? கோந்த்ராபாந்தோவும் த்ராஃபிகோவும் ஒன்றா, வேறா? கடைசியாக ஒன்று, இது என் அம்மாவின் கேள்வி. நான் சத்தம்போட்டு மனப்பாடம் செய்வதைக் கேட்டுவிட்டு, "நம்ம தெருவுல இருந்தாரே, சிங்கப்பூருக்கும் இங்கேயும் குருவியா பறந்துட்டு, அவரை உங்க ஸ்பானிஷ்ல என்னன்னு சொல்லுவாங்க?" என்றார். 'மூலா' என்றேன். எனக்கே திருப்தியாக இல்லை.

அன்புடன்,
வா.

*

அன்புள்ள வா.,

முதலில் குழந்தைகளைக் காப்பாற்றிவிடுவோம். நீங்கள் படித்த குவார்தெரீயாவில் குழந்தைகள் யாரும் இல்லை. பிரிட்டன் வசம் இருக்கும் ஜிப்ரால்டரை ஒட்டிய அந்தக் கடற்கரையில், இரவில் இறங்கிய ஹஷீஷ் மூட்டைகளை மேலே அனுப்பும்வரை பூட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு, கொட்டகைக்கு, சில சமயம் யாரோ ஒருவருடைய கார் நிறுத்துமிடத்துக்கு 'குவார்தெரீயா' என்று பெயர். காலையில் விட்டுவிட்டு மாலையில் வந்து அழைத்துப்போகிற இடம் அல்லவா, அதே கணக்கு. கடத்தல்காரர்களின் கேலிச் சொல் அது. போலீஸ் அதை எடுத்துக்கொண்டது, போலீஸிடமிருந்து பத்திரிகை எடுத்துக்கொண்டது. இப்போது மேற்கோள்குறி போடக்கூட யாரும் மெனக்கெடுவதில்லை.

நீங்கள் எங்கேயும் தவறவில்லை. உங்களுக்குக் கிடைத்த பட்டியல்தான் தவறியது. நாற்பது சொல்லையும் ஒரே வாய் சொன்னதுபோல அடுக்கிக் கொடுத்துவிட்டார்கள். இந்த விஷயத்தில் ஸ்பானிஷுக்கு இரண்டு வாய் உண்டு. ஒன்று காகிதத்தில் எழுதுகிறவனுடையது. இன்னொன்று இருட்டில் சுமக்கிறவனுடையது. எந்தச் சொல்லை யார் சொல்கிறார் என்று பிரித்துவிட்டால் மனப்பாடமே தேவைப்படாது.

கோந்த்ராபாந்தோவையே பாருங்கள். கோந்த்ரா என்றால் எதிராக. பாந்தோ என்றால் ஊரறிய அறிவிக்கப்பட்ட ஆணை. இன்றும் ஸ்பெயினில் ஊராட்சித் தலைவர் தெருவில் ஒட்டும் அறிவிப்புக்கு பாந்தோ என்றுதான் பெயர். நாயை அவிழ்த்துவிடாதே, தண்ணீரை வீணாக்காதே என்று இருக்கும். ஆக, கோந்த்ராபாந்தோ என்பது தண்டோராவுக்கு எதிரான சரக்கு. தண்டோரா போட்டவன் பார்வையிலிருந்து பிறந்த சொல் அது.

அதுவானா, அதாவது சுங்கச்சாவடி, அதுவும் காகிதத்தின் பிள்ளைதான். அரபு வழியாக ஸ்பானிஷுக்குப் போன பாரசீகச் சொல். மூலம் திவான். ஆமாம், நம் சமஸ்தானங்களில் உட்கார்ந்திருந்த அதே திவான். கணக்கேடு, கணக்கேடு வைக்கும் அலுவலகம், அங்கே உட்காரும் ஆள் என்று அந்தச் சொல் போன இடமெல்லாம் உருமாறியது. நமக்கு ஆளாக வந்து சேர்ந்தது, அவர்களுக்குக் கட்டடமாக.

அடுத்து எஸ்தாங்கோ. ஸ்பெயினில் சிகரெட்டும் தபால்தலையும் விற்கும் கடை. மாட்ரிட் போகிறவர் முதல் நாளே கற்றுக்கொள்ளும் சொல். ஏன் அந்தப் பெயர்? எஸ்தாங்கார் என்றால் ஓடும் நீரைத் தேக்குவது. 1636இல் காஸ்தீல் அரசு புகையிலை வணிகத்தை யாரும் தொடக்கூடாது என்று தனக்கே தேக்கிக்கொண்டது. அப்படித் தேக்கப்பட்ட சரக்கு விற்கும் இடம் எஸ்தாங்கோ. தேக்கினால் கசியத்தானே செய்யும்? 1995ஆம் ஆண்டின் ஸ்பானியக் கடத்தல் தடுப்புச் சட்டத்தில் இன்றும் 'தேக்கப்பட்ட சரக்குகள்' என்று ஒரு வகை இருக்கிறது. மற்ற சரக்குகள் பலவற்றில் ஒன்றரை லட்சம் யூரோ மதிப்பு வந்தால்தான் அது குற்றவியல் வழக்காகும், அதற்குக் கீழே அபராதத்தோடு முடியும். புகையிலைக்கு மட்டும் 15,000 யூரோ போதும். கிட்டத்தட்ட நானூறு வருடக் கோபம் ஒரு சட்டப்பிரிவில் உட்கார்ந்திருக்கிறது.

பறிமுதல் விவகாரத்துக்கு வருகிறேன், இதில் எனக்கே அடி விழுந்திருக்கிறது. ஸ்பானியச் செய்திகளில் போலீஸ் சரக்கைப் பிடித்தால் இன்காவுதார் வரும், தெகோமிசார் வரும், அப்ரெயெந்தேர் வரும். இவை போதாதென்று 'இன்தெர்பெனீர்' என்றும் எழுதுவார்கள். அகராதியைத் திறந்தால் தலையிடுதல் என்று இருக்கும். பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்காக அவசரமாக மொழிபெயர்த்தபோது, "காவல்துறை முந்நூறு கிலோவில் தலையிட்டது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சிலும் வந்தது. ஒரே ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டார்: "மீதிக் கிலோக்களில் தலையிடவில்லையா?" அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

அர்ஜென்டினாவுக்குப் போனால் இன்னொரு பள்ளம். அங்கே சரக்கைப் பறிமுதல் செய்வதற்கு 'செகுவெஸ்த்ரார்' என்று சர்வசாதாரணமாக எழுதுவார்கள். மற்ற இடங்களில் அது ஆளைக் கடத்திப் பணம் கேட்பது. இருபது கிலோ கொக்கெய்னை போலீஸ் கடத்திப்போய்விட்டது என்று படித்துக் குழம்பாதீர்கள்.

இதையொட்டியே உங்கள் த்ராஃபிகோ கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். கோந்த்ராபாந்தோவில் சரக்கு நல்ல சரக்காகவே இருக்கலாம். காபி, சிகரெட், சர்க்கரை. வரி கட்டாமல் அல்லது தடையை மீறி எல்லை தாண்டியதுதான் குற்றம். த்ராஃபிகோவில் எல்லை முக்கியமே இல்லை, அந்த வியாபாரமே குற்றம். போதைப்பொருள், ஆயுதம். செல்வாக்கை விற்பதும் த்ராஃபிகோதான், அமைச்சருக்கு வேண்டியவர் என்று சொல்லிக் காரியம் முடித்துக்கொடுத்துக் காசு பார்ப்பதற்கு 'த்ராஃபிகோ தே இன்ஃப்ளுயென்சியாஸ்' என்பார்கள்.

மனிதர்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானித்துப் படியுங்கள், இது தேர்வுக்காக அல்ல. பணம் வாங்கிக்கொண்டு ஒருவரை எல்லை தாண்ட வைப்பது த்ராஃபிகோ. அவர் சம்மதித்து வந்தவர், எல்லை தாண்டியதும் கணக்கு முடிந்தது. ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுவந்து வேலையிலோ பாலியல் தொழிலிலோ வைத்துச் சுரண்டுவது 'த்ராதா'. அதற்கு எல்லையே தாண்ட வேண்டாம், அடுத்த தெருவிலேயே நடக்கும். 2000ஆம் ஆண்டு ஐ.நா. இரண்டுக்கும் தனித்தனி நெறிமுறை போட்டது. ஆங்கிலம் கலந்து படிக்கிறவர்கள் இங்கேதான் விழுவார்கள். ஆங்கிலத்தின் 'டிராஃபிக்கிங்' ஸ்பானிஷின் த்ராதா. ஸ்பானிஷின் த்ராஃபிகோ ஆங்கிலத்தின் 'ஸ்மக்ளிங்'. காதுக்கு ஒன்றாகக் கேட்பது கருத்தில் மாறி நிற்கிறது. தமிழிலோ குழந்தையைத் தூக்கிப்போவது, படகில் ஆளேற்றுவது, கொத்தடிமை ஆக்குவது மூன்றுமே 'ஆள்கடத்தல்'. மொழிபெயர்க்கும்போது அந்த ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாதீர்கள். என்ன நடந்தது என்று ஒரு வாக்கியமாகவே எழுதிவிடுங்கள்.

சரி, இருட்டின் பக்கம் போவோம். எனக்குப் பிடித்தது அங்கேதான் இருக்கிறது.

மாதூதே என்று ஒரு சொல். அந்தக் காலத்தில் ஸ்பானிய ஊர்களுக்குள் எண்ணெயோ சாராயமோ கோழியோ கொண்டுபோனால் ஊர் வாசலில் நுகர்வு வரி கட்ட வேண்டும். வாசலில் ஒரு சின்னக் கட்டடம், உள்ளே தராசோடு ஒருவர். அதற்கு ஃபியலாதோ என்று பெயர். விடிவதற்கு முன்னால், தராசுக்காரர் தூக்கம் கலைவதற்குள், மூட்டையை உள்ளே கொண்டுபோய்விடுவது மாதூதே. விடியற்காலைக்கு உரியது என்ற பொருள்கொண்ட 'மாதூதீனோ'வின் வால் அறுந்த வடிவம் என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், குற்றத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது ஜனங்கள் அதன் நேரத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு அந்த வரி இல்லை, தராசும் இல்லை. ஆனால் திருமண விருந்துக்கு அழைப்பில்லாமல் நுழைந்தவரைக்கூட 'தே மாதூதே' வந்தார் என்று சொல்லலாம்.

ஜிப்ரால்டரை ஒட்டிய லா லீனேயா ஊரில் மாதூதேராக்கள் என்று பெண்கள் இருந்தார்கள். புகையிலை, காபி, சர்க்கரை என்று பாவாடைக்குள்ளும் இடுப்பிலும் தைத்துக்கொண்டு எல்லையைக் கடப்பார்கள். போகும்போது ஒல்லியாகப் போய்த் திரும்பும்போது கர்ப்பிணியாக வருவார்கள். 1969இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ எல்லைக் கதவை மூடினார். நடந்து போகிறவர்களுக்கு அது மறுபடி திறக்க 1982 ஆனது. கதவு மூடியதும் பாவாடைகளுக்கு வேலை போயிற்று. பிற்பாடு அந்தக் கரையில் படகுகள் வந்தன.

அந்தப் படகுகளின் அகராதி இப்போதும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூன்று நான்கு என்ஜின் மாட்டிய ரப்பர் படகு 'கோமா', அதாவது ரப்பர். பத்திரிகை அதை நார்கோலாஞ்சா என்கிறது. (லாஞ்சா நம் லாஞ்சுக்குச் சொந்தம்தான்.) கரையிலும் தெருமுனையிலும் நின்று போலீஸ் வருகிறதா என்று பார்க்கிறவன் 'அகுவாதோர்', தண்ணீர்க்காரன். போலீஸைக் கண்டால் "அகுவா!" என்று கத்துவான், தண்ணீர் என்று. ஒரு கும்பல் இறக்கிய சரக்கை இன்னொரு கும்பல் அடித்துக்கொண்டு போவது 'புவெல்கோ', கவிழ்த்தல். நடுக்கடலில் காத்திருக்கும் கோமாக்களுக்கு பெட்ரோல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் 'பெதாகேரோ', ஏனென்றால் பெட்ரோல் கேனுக்கு அங்கே பெதாகா என்று பெயர்.

பெதாகாவை அகராதியில் தேடினால் சட்டைப்பையில் வைக்கும் சாராயக் குப்பி, சிகரெட் பெட்டி என்று வரும். அதற்கும் பின்னால் போனால் மெக்சிகோவில் கொண்டுவிடும். அஸ்தெக்குகளின் நாவாட்ல் மொழியில் பெட்லகல்லி, பாயால் செய்த பெட்டி. பெட்லாட் என்றால் பாய், கல்லி என்றால் வீடு. கோரைப்பாயில் முடைந்த வீடு கடல் தாண்டிப் போய்ப் புகையிலை டப்பாவாகி, சாராயக் குப்பியாகி, கடைசியில் பிளாஸ்டிக் பெட்ரோல் கேனாக ஆகியிருக்கிறது. நம் பெட்டகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டு யாராவது எனக்குக் கடிதம் எழுதிவிடாதீர்கள். இல்லை. ஒலி ஒற்றுமை மட்டும்தான்.

இந்தக் கேலிச் சொற்களில் மயங்கிவிடக்கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். 2018 அக்டோபரில் ஸ்பெயின் அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு, அந்த வகை வேகப் படகுகளையே 'தடைசெய்யப்பட்ட சரக்கு' ஆக்கிவிட்டது. படகில் கடத்தல் பொருள் எதுவும் இருக்க வேண்டாம், படகே கடத்தல் பொருள். இருந்தும் 2024 பிப்ரவரியில் பார்பாதே துறைமுகத்துக்குள் அப்படி ஒரு படகு சிவில் காவலர்களின் சின்னப் படகின் மேல் ஏறி இரண்டு பேரைக் கொன்றது. தண்ணீர்க்காரன், காப்பகம் என்று சிரித்துக்கொண்டே கற்கிற சொற்களுக்குக் கீழே இதுவும் கிடக்கிறது.

உங்கள் பட்டியலில் இருக்கும் அலீஹோவும் கடலில் பிறந்ததுதான். அலிஹார் என்றால் கப்பலின் பாரத்தைக் குறைப்பது. பெரிய கப்பல் தூரத்தில் நிற்கும், சின்னப் படகுகள் போய்ப் பாரத்தைக் குறைத்துக் கொடுக்கும். குறைத்துக் கொடுத்த பாரம் அலீஹோ. இன்று தெருவோர வேனில் பிடிபட்ட பொட்டலத்துக்கும் அதே பெயர்.

வடக்கே கலீசியாவில் கதை வேறு. அங்கே கடல் ஊருக்குள் விரல் விரலாக நுழைந்திருக்கும். அந்த நீரில் யூகலிப்டஸ் கட்டைகளால் செய்த பெரிய தெப்பங்கள் மிதக்கும், அவற்றிலிருந்து தொங்கும் கயிறுகளில் சிப்பி வளர்ப்பார்கள். தெப்பத்துக்கு பாதேயா என்று பெயர். அந்தத் தெப்பங்களுக்கு நடுவே இறங்கிவந்த அமெரிக்க சிகரெட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'வின்ஸ்டன் தே பாதேயா'. தெப்பத்து வின்ஸ்டன். நாட்டுக்கோழி, ஆற்று மீன் என்று நாம் சொல்கிற அதே பெருமையோடு சொன்னார்கள். எழுபதுகளில் அதை யாரும் குற்றமாகவே நினைக்கவில்லை. எண்பதுகளில் அதே படகுகள், அதே ஆட்கள், சரக்கு மட்டும் கொக்கெய்ன் என்று ஆனது. ஊரின் பிள்ளைகள் ஊசியோடு விழ ஆரம்பித்த பிறகு அம்மாக்கள்தான் முதலில் தெருவுக்கு வந்தார்கள். 1990 ஜூனில் நீதிபதி பல்தசார் கர்சோன் பெரிய வலையை வீசினார். அந்த நடவடிக்கைக்கு நேகோரா என்று பெயர். அந்தக் கடற்கரையில் ஆசையாக வாங்கிச் சாப்பிடும் ஒரு நண்டு அது.

சாப்பாட்டுக்கு வந்துவிட்டோம், எனவே எஸ்த்ராபெர்லோ. உங்கள் நாற்பதில் இது இல்லையென்றால் நாற்பதையும் தூக்கிப்போட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

1934இல் டேனியல் ஸ்ட்ராஸ் என்ற வெளிநாட்டுக்காரர் ஒரு சூதாட்டச் சக்கரத்தோடு ஸ்பெயினுக்கு வந்தார். கூட்டாளி பெயர் பெர்லோவிட்ஸ். இரண்டு பேர் பெயரையும் ஒட்டவைத்து இயந்திரத்துக்கு ஸ்ட்ராபெர்லோ என்று பெயர் வைத்தார்கள். அப்போது ஸ்பெயினில் சூதாட்டத்துக்குத் தடை. இது அதிர்ஷ்டம் இல்லை, கணக்குத் தெரிந்தவன் ஜெயிக்கலாம் என்று சொல்லி, வேண்டியவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்து அனுமதி வாங்கினார்கள். உண்மையில் பந்து எங்கே நிற்க வேண்டும் என்று ஆட்டம் நடத்துகிறவனே ஒரு பொத்தானில் தீர்மானிக்கலாம். சான் செபாஸ்தியான் சூதாட்ட மாளிகையில் ஆரம்பித்த அன்றே போலீஸ் வந்து மூடிவிட்டது. மயோர்காவில் ஒரு ஓட்டலில் வைத்தார்கள், அங்கேயும் நிலைக்கவில்லை. கொடுத்த காசு திரும்பி வரவில்லையே என்று ஸ்ட்ராஸ் நாட்டின் ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினார்! லஞ்சம் கொடுத்தவன் ரசீது கேட்ட கதை. 1935 அக்டோபரில் விஷயம் வெடித்தது. பலமுறை பிரதமராக இருந்த லெரூவின் வளர்ப்பு மகன்வரை பெயர் அடிபட்டது. அவருடைய ராடிகல் கட்சி 1936 பிப்ரவரித் தேர்தலில் இருந்த இடம் தெரியாமல் போனது.

அதோடு அந்தச் சொல் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1939இல் ரேஷன் அட்டை வந்தது, 1952வரை இருந்தது. அட்டையில் கிடைத்தது போதவில்லை. கள்ளச் சந்தையில் மாவும் எண்ணெயும் வெள்ளை ரொட்டியும் விற்றார்கள். அதற்கு ஜனங்கள் எடுத்துக்கொண்ட பெயர் எஸ்த்ராபெர்லோ. பித்தலாட்டத்துக்கு அந்த ஊரில் அதைவிடப் புதிய சொல் அப்போது இல்லை. கிராமத்திலிருந்து மாவு மூட்டையோடு ரயில் ஏறும் பெண்கள், ஸ்டேஷன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் வழியாக மூட்டையை வெளியே தள்ளிவிடுவார்கள். தண்டவாளத்தின் ஓரம் பிள்ளையோ அக்காவோ காத்திருப்பார். ஸ்டேஷனில் காவலர் சோதிக்கும்போது வெறும் கை. பெரிய எஸ்த்ராபெர்லோக்காரர்கள் ரயிலிலிருந்து எதையும் எறியவில்லை. அவர்களுடைய கோதுமை லாரியில் போயிற்று, கேட்பார் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்தான். இன்றும் ஸ்பெயினில் ஒரு பாட்டி அந்தச் சொல்லைச் சொன்னால், எந்த எஸ்த்ராபெர்லோவைச் சொல்கிறார் என்று அவர் குரலிலிருந்துதான் பிடிக்க வேண்டும்.

அதே வருடங்களில் போர்ச்சுகல் எல்லையில் காபி நடந்து வந்தது. இரவில், ஆற்றைக் கடந்து, முதுகில் இருபது முப்பது கிலோ. சுமந்தவர்களுக்கு மோச்சிலேரோ என்று பெயர். மோச்சீலா என்றால் முதுகுப்பை. இன்று எந்த விடுதியிலும் "மோச்சிலேரோக்களுக்குச் சலுகை" என்று போர்டு பார்க்கலாம். அது முதுகுப்பையோடு ஊர் சுற்றும் இளைஞர்களுக்கு.

காகிதம் எப்போதாவது கேலி செய்யுமா? செய்யும், தெரியாமல். ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் ஸ்பானிய ஊர் செயூதா. அங்கிருந்து மொராக்கோவுக்குள் பெண்கள் தங்கள் எடைக்குச் சமமான மூட்டைகளை முதுகில் கட்டிக்கொண்டு குனிந்தபடி நடந்து போவார்கள். கையில் கொண்டுபோனால் அது சொந்தச் சாமான், சுங்கம் கிடையாது என்பதுதான் ஏற்பாடு. நெரிசலில் மிதிபட்டுச் செத்தவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் 'போர்தெயாதோரா', சுமப்பவர். அவர்கள் செய்த வேலைக்கு அதிகாரிகள் வைத்த பெயர் 'கொமேர்சியோ ஆதீபிகோ'. வழக்கத்துக்கு மாறான வணிகம். 2019 அக்டோபரில் மொராக்கோ அந்த வழியை மூடும்வரை தினமும் நடந்த வணிகம் அது.

காகிதமே கடத்திய கதை ஒன்றும் இருக்கிறது. 1580இல் இரண்டாம் முறை நிறுவப்பட்ட புவனோஸ் ஐரெஸ் துறைமுகத்தின் வழியே வணிகம் கூடாது என்று 1594இல் அரசாணை வந்தது. செவில்லிலிருந்து வரும் சரக்கு பனாமா, லிமா என்று கண்டத்தையே சுற்றித்தான் அங்கே சேரவேண்டும். ஊர் பிழைக்க வேண்டுமே. ஒரு கப்பல் புயலில் அடிபட்டதாகச் சொல்லிக் கரை ஒதுங்கும். உள்ளே அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். யாரோ ஒருவர் ஓடிப்போய்ப் புகார் கொடுப்பார். அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள். சட்டப்படி ஏலம் விடுவார்கள். ஏலத்தில் வேறு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சல்லிக் காசுக்கு எடுப்பவர் கப்பல்காரரின் ஆள், புகார் கொடுத்தவரும் அவர்களின் ஆள்தான். இப்போது கையில் அரசு முத்திரையிட்ட ரசீது, போதோசி வெள்ளிச் சுரங்கம்வரை யாரும் தடுக்க முடியாது. இதற்கு 'கோந்த்ராபாந்தோ எஹெம்ப்ளார்' என்று பெயர். முன்மாதிரிக் கடத்தல். உள்ளே கிடந்தவர்கள் மனிதர்கள் என்பதுதான் இந்தச் சாமர்த்தியத்தை ரசிக்கவிடாமல் தடுக்கிறது.

லத்தீன் அமெரிக்காவின் இன்றைய சொற்களுக்கு எல்லையே இல்லை. வெனிசுவேலாவில் மானிய விலைச் சாமானைக் கொலம்பியாவுக்குக் கொண்டுபோகிறவர் பச்சாகேரோ. பச்சாகோ என்பது இலையை வெட்டித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகும் பெரிய எறும்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் கூகுதா ஊரின் சாலையோரத்தில் பிம்பீனா என்ற கேனில் அந்தப் பெட்ரோலை விற்கிறவர் பிம்பினேரோ. கொலம்பிய நகரங்களில் வெளிநாட்டுச் சாமான் குவிந்து கிடக்கும் கடைத்தொகுதி 'சானந்த்ரெசீதோ', குட்டி சான் ஆந்த்ரேஸ். 1953இல் வரியில்லாத் துறைமுகமாக்கப்பட்ட தீவின் பெயர் அது. பர்மாவை நாம் சென்னைக் கடற்கரைச் சாலையில் நிறுத்தவில்லையா, அதுபோல. அர்ஜென்டினாவின் வட எல்லையில் மூட்டை தூக்குகிறவர் பகாயேரோ. அங்கே யாரையும் பகாயோ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மூட்டை என்பதோடு அழகில்லாதவர் என்றும் அதற்குப் பொருள் உண்டு.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மூலா என்றது உங்களுக்கே திருப்தியில்லை என்றீர்களே, அந்தச் சந்தேகம் சரி. மூலா, கோவேறு கழுதை, போதைப்பொருளைச் சுமப்பவர், பெரும்பாலும் வயிற்றுக்குள். பெருவில் கழுதையையும் கூரியரையும் கலந்து 'புர்ரியேர்' என்கிறார்கள். உங்கள் தெருக்காரர் கொண்டுவந்தது டிவியும் சென்ட் பாட்டிலும், மிஞ்சிப்போனால் ரெண்டு வளையல். அவரைக் கழுதை என்பது அநியாயம்.

பராகுவே எல்லையில் ஆற்றைக் கடந்து அர்ஜென்டினாவுக்குத் தினமும் சாமான் கொண்டுபோய் விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். கூடையில் காய்கறி, துணி, கிடைத்தது எல்லாம். அவர்களுக்கு 'பாசேரா' என்று பெயர். ஆணாக இருந்தால் பாசேரோ. பாசார் என்றால் கடப்பது, கடக்கச் செய்வது. நம் சொல்லும் அதுதானே? கடத்தல் என்பதில் ஆணையும் இல்லை, தண்டோராவும் இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடக்க வைத்தல், அவ்வளவுதான். கள்ளம் என்று சொல்ல வேண்டுமானால் முன்னால் தனியாக ஒட்டவேண்டியிருக்கிறது. நாற்பது ஸ்பானிஷ் சொல்லுக்கு எதிரே ஒரே தமிழ்ச் சொல்லை எழுதினேன் என்று வெட்கப்பட்டீர்கள். நீங்கள் எழுதியது சுமப்பவரின் சொல்.

ஆகவே அம்மாவிடம் பாசேரோ என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்காக ஒன்று கேட்டு எழுத வேண்டும். குருவி வந்து இறங்கியதும் விமான நிலைய வாசலில் பெட்டியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் நிற்பாரே, அவரை உங்கள் தெருவில் என்னவென்று சொன்னார்கள்?